ஒரே வீட்டில் இருந்தவர்: டோரதி டே

சென்ற பொதுக்குழுக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும். தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் பராமரிப்பும் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டன. மீதி ஒரு மணி நேரமும் போனது ஒரே விஷயத்தில்தான். நம் பின்பக்க கேட்டை ஒட்டிய நடைபாதையில் இரவு வந்து படுக்கும் மூன்று பேரை என்ன செய்வது? ஒருவர் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார், ஒருவர் பாவம் என்றார், ஒருவர் மாநகராட்சிக் காப்பகத்துக்குப் போன் செய்யலாம் என்றார். எல்லோர் பேச்சிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்த மூன்று பேரின் பெயர் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அது உறைத்தது.

மறுநாள் செயலாளர் இந்த இதழுக்கும் ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார். யோசிக்காமல் டோரதி டே என்று சொல்லிவிட்டேன். அமெரிக்காவில் நன்கு அறியப்பட்ட பெயர். நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். வீடில்லாதவர்களோடு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, அவர்கள் நடுவிலேயே இறந்தவர்.

டோரதி 1897 நவம்பர் 8ஆம் தேதி நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். அப்பா பத்திரிகையில் குதிரைப் பந்தயச் செய்தி எழுதுபவர். வேலைக்காகக் குடும்பம் கலிபோர்னியாவுக்குப் போய் ஓக்லண்டில் குடியிருந்தது. 1906 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவைப் பூகம்பமும் தீயும் அழித்தபோது டோரதிக்கு எட்டு வயது. வீடிழந்தவர்கள் படகுகளில் வளைகுடாவைத் தாண்டி ஓக்லண்டுக்கு வந்து இறங்கினார்கள். டோரதியின் அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் இரவு பகலாகச் சமைத்துப் போட்டார்கள். தங்களுக்கு என்று வைத்திருந்த துணியையும் எடுத்துக் கொடுத்தார்கள். அந்தச் சில நாட்கள் யாரும் யாரையும் அந்நியராகப் பார்க்கவில்லை. பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. ஆபத்து வந்தால் மட்டும் இப்படி இருக்க முடிகிறதே, மற்ற நாட்களில் ஏன் முடியவில்லை என்ற கேள்வி அந்தச் சிறுமியின் மனதில் நின்றுபோனது. சுனாமியையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த நமக்கு அந்தக் கேள்வி புதிதல்ல.

பூகம்பத்தில் அப்பா வேலை பார்த்த பத்திரிகை அலுவலகமும் எரிந்துபோனது. குடும்பம் சிகாகோவுக்கு வந்து ஒரு மதுக்கடைக்கு மேலிருந்த வீட்டில் குடியேறியது. பிறகு நிலைமை மெல்ல மேம்பட்டது. பெரிய பெண்ணான பிறகு, அப்டன் சின்கிளேர் இறைச்சித் தொழிற்சாலைகளைப் பற்றி எழுதிய நாவலைப் படித்துவிட்டு, டோரதி தன் கைக்குழந்தைத் தம்பியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஏழைகள் இருக்கும் தெருக்களில் மணிக்கணக்காக நடப்பாராம்.

கல்லூரிக்கு உதவித்தொகை கிடைத்தது. இரண்டு ஆண்டுகளில் விட்டுவிட்டு 1916இல் நியூயார்க் வந்து சோஷலிஸ்ட் பத்திரிகைகளில் எழுத ஆரம்பித்தார். 1917இல் பெண்களின் வாக்குரிமைக்காக வெள்ளை மாளிகை முன் மறியல் செய்து, முப்பது நாள் தண்டனை பெற்று, சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய நாடக ஆசிரியர் யூஜின் ஓ'நீல் போன்றவர்களோடு இரவெல்லாம் விழித்துப் பேசும் வட்டம் அது. கொஞ்ச நாள் மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சியும் எடுத்தார். ஒரு காதல் கருக்கலைப்பில் முடிந்தது, அவசரமாகச் செய்த ஒரு திருமணம் சீக்கிரமே முறிந்தது. இதையெல்லாம் மறைத்து எழுதினால் டோரதிக்கே பிடிக்காது. தன்னைப் பூஜை அறையில் மாட்டும் படமாக்கிவிடுவார்களோ என்பது அவருக்குக் கடைசிவரை இருந்த பயம்.

எழுதிய நாவல் ஒன்றின் சினிமா உரிமையை விற்ற பணத்தில் ஸ்டேட்டன் தீவில் கடற்கரையோரம் ஒரு சின்ன வீடு வாங்கினார். அங்கே ஃபார்ஸ்டர் பேட்டர்ஹாம் என்ற உயிரியலாளரோடு வாழ்ந்தார். இருவருக்கும் ஒருவர்மீது ஒருவருக்கு மிகுந்த அன்பு. ஆனால் ஃபார்ஸ்டருக்குத் திருமணத்திலும் நம்பிக்கையில்லை, கடவுளிடமும் நம்பிக்கையில்லை. இனித் தனக்குக் குழந்தையே பிறக்காது என்று நினைத்திருந்த டோரதிக்கு 1926 மார்ச்சில் டாமர் என்ற பெண் குழந்தை பிறந்தது. அந்த மகிழ்ச்சிதான் அவரைக் கோயில் பக்கம் இழுத்தது. துன்பத்தில் கடவுளைத் தேடுபவர்களை நாம் நிறையப் பார்க்கிறோம். நன்றி சொல்ல ஆள் வேண்டும் என்று தேடிப் போனவர் இவர். தபால் எடுக்கக் கடைத்தெருவுக்கு நடக்கும்போது, பையில் இருக்கும் செபமாலையை விரல்களால் உருட்டிக்கொண்டே செபிப்பாராம்.

குழந்தைக்கு 1927 ஜூலையில் திருமுழுக்குக் கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி தானும் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அதற்கான விலை ஃபார்ஸ்டர். அவர் வீட்டை விட்டுப் போனார். பழைய புரட்சிக்கார நண்பர்களும் தள்ளி நின்றார்கள். பணக்காரர்கள் பக்கம் நிற்கும் கோயிலுக்கு இவள் ஏன் போனாள் என்பது அவர்கள் கேள்வி. அது அவருடைய கேள்வியாகவும் இருந்தது. கோயிலில் மண்டியிட்டால் தெருவில் நிற்கும் ஏழைகளைக் கைவிட்டதாகத் தோன்றும். தெருவில் நின்றால் கோயில் ஞாபகம் வரும். ஐந்து ஆண்டுகள் இப்படியே போயின.

1929இல் பங்குச்சந்தை சரிந்து, லட்சக்கணக்கானோர் வேலையையும் வீட்டையும் இழந்தார்கள். 1932 டிசம்பரில் வாஷிங்டனில் பட்டினி ஊர்வலம் நடந்தது. செய்தி எழுதப் போன டோரதி நடைபாதையில் நின்று பார்த்தார். ஊர்வலத்தை நடத்தியவர்கள் கம்யூனிஸ்டுகள். தன் கோயிலைச் சேர்ந்தவர்கள் எங்கே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. ஊர்வலம் முடிந்ததும், டிசம்பர் 8ஆம் தேதி, அமல உற்பவ மாதா ஆலயத்துக்குப் போய், தனக்கு ஒரு வழி காட்டச் சொல்லி அழுது செபித்தார்.

நியூயார்க் திரும்பியதும் ஒரு கிழவர் அவரைத் தேடி வந்தார். கசங்கிய கோட்டு, பை நிறையப் புத்தகங்களும் காகிதங்களும், பிரெஞ்சு வாடையோடு ஓயாத பேச்சு. பெயர் பீட்டர் மோரின். தென் பிரான்சில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உள்ள விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அமெரிக்கா முழுக்கக் கூலி வேலை செய்து அலைந்தவர். டோரதியை விட இருபது வயது மூத்தவர். அவர் தோற்றத்துக்கு ஒரு கதை சொல்வார்கள். ஒரு பேராசிரியர் அவரை விருந்துக்கு அழைத்திருந்தார். கதவைத் திறந்த மனைவி, குழாய் ரிப்பேருக்கு வந்த ஆள் என்று நினைத்துக் கீழ்த்தளத்துக்கு அனுப்பிவிட்டார். பீட்டரும் மறுப்புச் சொல்லாமல் அங்கே போய் உட்கார்ந்துகொண்டார். நம் வாசலுக்கு வந்திருந்தால் பார்வையாளர் நோட்டில் என்ன எழுதியிருப்போம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

பீட்டர் சொன்னது மூன்று விஷயம். ஏழைகளின் பக்கம் நின்று பேச ஒரு பத்திரிகை வேண்டும். வீடில்லாதவர்களுக்கு விருந்தோம்பல் இல்லங்கள் வேண்டும். நிலத்துக்குத் திரும்பப் பண்ணைகள் வேண்டும். இன்னொன்றும் சொல்வார். ஆதித் திருச்சபைக் காலத்தில் கிறிஸ்தவர்கள் தங்கள் வீட்டில் ஓர் அறையைக் கிறிஸ்துவின் அறை என்று ஒதுக்கிவைத்து, போக்கிடமில்லாமல் வருபவரை அதில் தங்கவைப்பார்களாம். ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஓர் அறை இருந்தால் இல்லமே தேவையில்லை என்பது அவர் கட்சி.

டோரதிக்குத் தெரிந்த தொழில் பத்திரிகை. 57 டாலர் கொடுத்து 2,500 பிரதிகள் அச்சடித்து, 1933 மே தினத்தன்று யூனியன் சதுக்கக் கூட்டத்தில் விற்றார்கள். கேத்தலிக் வொர்க்கர் என்று பெயர், விலை ஒரு சென்ட். (விலை இன்றும் அதுதான்.) அவர் வீட்டுச் சமையலறை மேசைதான் ஆசிரியர் இலாகா. அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு லட்சம் பிரதிகள் போயின.

பத்திரிகையில் விருந்தோம்பல் இல்லம் பற்றிப் பீட்டர் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, ரயிலடிகளில் படுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் இல்லம் எங்கே என்று கேட்டு வந்து நின்றாள். அப்படி ஒன்று இல்லை, எழுதியதோடு சரி. அவளோடு சுற்றிக்கொண்டிருந்த தோழி சுரங்க ரயில் முன் விழுந்து உயிரை விட்டிருந்தாள் என்ற விஷயமும் தெரியவந்தது. அதற்குப் பிறகு டோரதியால் ஒரு நாளைக்கூடத் தள்ளிப்போட முடியவில்லை. ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். பிறகு இன்னொன்று. 1936இல் மோட் தெரு 115ஆம் எண் கட்டடத்துக்கு வந்தார்கள். காலையில் காப்பிக்கும் ரொட்டிக்கும் நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்பார்கள். மற்ற ஊர்களிலும் இல்லங்கள் தோன்றி, சில ஆண்டுகளில் முப்பதைத் தாண்டின.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கஞ்சி ஊற்றியவர்கள் உலகத்தில் நிறையப் பேர். டோரதி செய்தது அது மட்டுமல்ல.

இல்லத்துக்கு வருபவரிடம் ஏன் வந்தாய், குடிப்பாயா, எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்பதில்லை. படிவம் கிடையாது. பிரசங்கம் கேட்டால்தான் சாப்பாடு என்ற வழக்கம் கிடையாது. சுவரில் ஒரு பாடுபட்ட சுரூபம் இருக்கும், அவ்வளவுதான் பிரசாரம். வேலை செய்ய வந்த இளைஞர்களுக்குச் சம்பளம் கிடையாது. அதே சூப், அதே ரொட்டி, அதே கட்டில். நன்கொடையாக வந்த துணிதான் டோரதிக்கும். வந்தவர்களை அங்கே விருந்தாளிகள் என்றுதான் அழைப்பார்கள். ஒரு சமூக சேவகி, இவர்களை எத்தனை நாள் தங்க அனுமதிப்பீர்கள் என்று கேட்டபோது, டோரதி எப்போதைக்கும்தான் என்று பதில் சொன்னார். இங்கேயே வாழ்வார்கள், இங்கேயே சாவார்கள், அடக்கம் செய்து அவர்களுக்காகச் செபிப்போம், வந்த பிறகு குடும்பம், சொல்லப்போனால் வருவதற்கு முன்பே குடும்பம்தான் என்பது அவர் விளக்கம். மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில், பசித்தவனுக்கும் அந்நியனுக்கும் செய்தது தனக்கே செய்தது என்று இயேசு சொல்கிறார் அல்லவா? டோரதி அதை உவமையாக எடுத்துக்கொள்ளவில்லை. நேராகவே எடுத்துக்கொண்டார். கதவைத் தட்டுகிறவர் அவருக்குக் கிறிஸ்துவின் தூதர் அல்ல, கிறிஸ்துவேதான்.

கிறிஸ்துவோ இல்லையோ, வந்தவர்கள் எல்லோரும் சாதுக்கள் இல்லை. மோட் தெருவில் ஒரு வயதான மனிதர் இருந்தார். ஒரு காலத்தில் பத்திரிகையில் வேலை பார்த்தவர், நன்றாகப் படித்தவர். கறுப்பர்களையும் யூதர்களையும் காது கூசத் திட்டுவார். கைத்தடியை ஓங்குவார். வெளியே அனுப்பு என்று பலர் சொல்லியும் டோரதி அனுப்பவில்லை. பல ஆண்டுகள் கழித்து அவர் சாகும்போது டோரதி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தனக்கென்று மிச்சமிருந்த ஒரே சொத்தான அந்தக் கைத்தடியை டோரதிக்குக் கொடுத்தார் கிழவர். இங்கே இருக்கும் சில ஆட்களின் கழுத்தில் இதைச் சுற்று என்றுதான் ஆசீர்வாதம் செய்தார். மனம் திருந்திப் போனார் என்று முடிக்க எனக்கும் ஆசைதான்.

1950களின் தொடக்கத்தில் ராபர்ட் கோல்ஸ் என்ற மருத்துவ மாணவர் டோரதியைப் பார்க்க வந்தார். பின்னாளில் ஹார்வர்டில் பெரிய மனநல மருத்துவராக ஆனவர். உள்ளே நுழைந்தபோது டோரதி ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தார். எதிரே நல்ல போதையில் ஒரு நடுவயதுப் பெண். தொடர்பில்லாமல் பேசிக்கொண்டே இருந்தாள். டோரதி அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கோல்ஸ் நின்றுகொண்டே இருந்தார், பேச்சு முடிவதாக இல்லை. ஒரு கட்டத்தில் டோரதி அந்தப் பெண்ணிடம் ஒரு நிமிடம் என்று அனுமதி கேட்டு எழுந்து, மாணவரிடம் வந்தார். எங்கள் இருவரில் யாரோடு பேசக் காத்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். கிண்டல் இல்லை, அடக்கத்தைக் காட்டிக்கொள்வதும் இல்லை. நிஜமான சந்தேகம். அந்தப் பெண்ணைத் தேடியும் ஒருவர் வந்திருக்கலாம் அல்லவா? அந்த ஒரு கேள்வியில் தான் கற்றுக்கொண்டது ஏராளம் என்று கோல்ஸ் பிறகு எழுதினார்.

வைர மோதிரம் ஒன்றின் கதையும் உண்டு. வசதியான ஒரு பெண்மணி இல்லத்துக்கு மோதிரத்தை நன்கொடையாகக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று பிற்பகல் அங்கே சாப்பிட வரும் ஒரு கிழவி வந்தாள். எல்லோரிடமும் சண்டை போடுவதில் பெயர் வாங்கியவள். டோரதி மோதிரத்தை எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டார். கூட இருந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. விற்றிருந்தால் அவளுக்கே ஒரு வருட வாடகை கட்டியிருக்கலாமே என்றார்கள். டோரதி அமைதியாகச் சொன்ன பதிலின் சாரம் இது: அவளுக்கும் தன்மானம் உண்டு. விற்று வாடகை கட்டுவதா, ஊர் சுற்றப் போவதா, கையில் போட்டு அழகு பார்ப்பதா என்று அவளே முடிவு செய்யட்டும். வைரத்தைக் கடவுள் பணக்காரர்களுக்காக மட்டுமா படைத்தார்? கணக்கு வழக்கில் நம்பிக்கை உள்ள நம் பொருளாளரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவருக்கு இன்னும் சம்மதமில்லை. எனக்கும் பாதிதான் சம்மதம். ஆனாலும் மறக்க முடியவில்லை.

கட்டட விதிகளும் அவரை விட்டுவைக்கவில்லை. 1956இல் கிறிஸ்டி தெரு இல்லத்தில் தீத்தடுப்பு வசதிகள் போதாது என்று வழக்கு வந்தது. நீதிபதிக்கு இவர் யாரென்று தெரியாது. பழைய கட்டடத்தில் ஏழைகளை அடைத்துக் காசு பார்க்கும் வீட்டுக்காரி என்று எண்ணி 250 டாலர் அபராதம் போட்டார். மறுபடி நீதிமன்றத்துக்குக் கிளம்பிய காலையில், இல்ல வாசலில் பழந்துணிக்காக நின்ற கூட்டத்திலிருந்து கசங்கிய உடையில் ஒருவர் வந்து, அபராதத்துக்கு இரண்டு ஐம்பது வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு காகிதத்தைக் கையில் திணித்தார். இரண்டரை டாலர் போலும் என்று எண்ணி நன்றி சொல்லிவிட்டு, ரயிலில் ஏறி உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால் 250 டாலருக்குக் காசோலை. கையெழுத்து, டபிள்யூ. எச். ஆடன். ஆங்கிலத்தில் அன்று புகழின் உச்சியில் இருந்த கவிஞர். அவரைத் தன் வரிசையில் நிற்கும் ஆள் என்று டோரதி நினைத்துவிட்டார். பத்திரிகையில் செய்தி வந்ததும் நீதிபதியும் அபராதத்தைத் தள்ளுபடி செய்தார். ஆனால் தீத்தடுப்பு வேலைகளைச் செய்துதான் ஆக வேண்டியிருந்தது. அதில் நகராட்சி சொன்னது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிறகு சுரங்க ரயில் பாதைக்காக அந்தக் கட்டடத்தை நகராட்சியே எடுத்துக்கொண்டது. இழப்பீடு 68,700 டாலர். பணம் தாமதமானதற்கு வட்டி 3,579 டாலர் 39 சென்ட் சேர்த்து அனுப்பினார்கள். கையில் காசில்லாத டோரதி அந்த வட்டியை மட்டும் காசோலை போட்டு நகராட்சிக்கே திருப்பி அனுப்பினார். வட்டி வாங்குவது தவறு என்பது பழைய திருச்சபைப் போதனை. அதை நம்புகிறவர்கள் வாங்கலாமா என்று கடிதமும் எழுதினார். அரசாங்க மானியமும் வாங்கவில்லை. பணம் தீர்ந்தால் சூசையப்பரிடம் முறையிடுவார்கள், வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள் எழுதுவார்கள். எப்படியோ ஓடியது.

எல்லாம் எளிதாக இருந்ததாக நினைத்துவிடக் கூடாது. மூட்டைப்பூச்சி, நாற்றம், சண்டை, திருட்டு எல்லாவற்றையும் தன் பத்திரிகையிலேயே ஒளிக்காமல் எழுதினார். சனிக்கிழமை பிற்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவில் ஆப்பரா கேட்பார். அந்த நேரம் யாரும் தொந்தரவு செய்யக் கூடாது. இரண்டாம் உலகப் போரின்போது எந்தப் போரும் நற்செய்திக்கு விரோதம் என்று எழுதியதால் சொந்த ஆட்களே பிரிந்தார்கள், பத்திரிகை விற்பனை சரிந்தது, பல இல்லங்கள் மூடப்பட்டன.

பெரிய விலை கொடுத்தவள் மகள் டாமர் என்று எனக்குப் படுகிறது. எல்லோருக்கும் அம்மாவாக இருந்தவர், சொற்பொழிவுக்காகவும் இல்லங்களைப் பார்க்கவும் அடிக்கடி ஊர் ஊராகப் போய்விடுவார். அந்தக் கூட்டத்திலும் விடுதிப் பள்ளிகளிலுமாக வளர்ந்த பெண், பதினெட்டு வயதில் திருமணம் செய்துகொண்டு ஒன்பது பிள்ளைகள் பெற்றாள். பின்னாளில் கோயிலையும் விட்டு விலகினாள். டோரதிக்கு அது கடைசிவரை ஆறாத வருத்தம். தெருவில் இருப்பவரை வீட்டுக்குள் அழைத்தால் வீட்டில் இருப்பவருக்கு இடம் குறையுமா? அவருடைய வாழ்க்கை இந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் தரவில்லை.

ஃபார்ஸ்டரும் முழுக்கப் பிரிந்துவிடவில்லை. அவரோடு பல ஆண்டுகள் வாழ்ந்த நானெட் என்ற பெண்ணுக்குப் புற்றுநோய் வந்தபோது, 1959இல், அவர் டோரதியிடம்தான் உதவி கேட்டார். டோரதி ஸ்டேட்டன் தீவுக்குப் போய் மாதக்கணக்கில் அந்தப் பெண்ணுக்குப் பணிவிடை செய்தார். நானெட் 1960 ஜனவரியில் இறந்தார்.

காந்தியடிகளிடம் டோரதிக்குப் பெரிய மரியாதை. 1948இல் அவர் கொல்லப்பட்டபோது பத்திரிகையில் உருக்கமாக எழுதினார். 1970இல் இந்தியாவுக்கே வந்தார். கல்கத்தாவில் அன்னை தெரசா அவரைத் தன் இளம் கன்னியர்களிடம் பேச வைத்து, தன் சபைச் சகோதரிகள் அணியும் சிலுவையை அவருக்குக் குத்திவிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, 75 வயதில், கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக மறியல் செய்து மறுபடி சிறைக்குப் போனார்.

கடைசி ஆண்டுகளில் இதயம் தளர்ந்தது. கிழக்கு மூன்றாம் தெருவில் பழைய இசைப்பள்ளிக் கட்டடம் ஒன்றை வாங்கி, வீடில்லாத பெண்களுக்காக மேரி ஹவுஸ் என்று ஓர் இல்லம் தொடங்கியிருந்தார்கள். தன் அறை அங்கேயே இருக்கட்டும் என்றார். வாசற்படியில் தூங்கி, பை சுமந்து திரிந்த பெண்கள் கீழே, மேலே இவர். மாடியில் அவர்கள் சத்தம் கேட்கும். 1980 நவம்பர் 29ஆம் தேதி மாலை அந்த அறையில் இறந்தார். டாமர் பக்கத்தில் இருந்தார்.

இப்போது அவரைப் புனிதராக அறிவிக்க ரோமில் முயற்சி நடக்கிறது. 2000ஆம் ஆண்டு அதற்கான அனுமதி வந்து, இறை ஊழியர் என்ற பட்டம் கொடுத்திருக்கிறார்கள். மன்ஹாட்டனுக்கும் ஸ்டேட்டன் தீவுக்கும் நடுவே ஓடும் கட்டணமில்லாத படகுகளில் ஒன்றுக்கு அவர் பெயர். நம் பிள்ளைகள் யாராவது நியூயார்க்கில் இருந்தால் ஒருமுறை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் தொடங்கிய மாதிரியான இல்லங்கள் இன்றும் நூற்றுக்கு மேல் உண்டு.

அடக்கத்தன்று சாதாரணப் பைன் மரப் பெட்டியில் வைத்து, பேரப்பிள்ளைகள் தூக்கி வந்தார்கள். பக்கத்துத் தெருவில் உள்ள பங்குக் கோயில் வாசலில் கர்தினால் குக் காத்திருந்து பெட்டியை ஆசீர்வதிக்க வந்தார். பெரிய மனிதர்களும் ரொட்டி வரிசையில் நிற்பவர்களும் கலந்து நின்ற கூட்டம். அந்த நேரத்தில் மனநிலை சரியில்லாத ஒரு மனிதர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார். பெட்டிமேல் குனிந்து, முகத்தை ஒட்ட வைத்து, வெகு நேரம் உற்றுப் பார்த்தார். கர்தினால் நின்றார், ஊர்வலம் நின்றது. அடக்க ஏற்பாடு செய்யும் கம்பெனி ஆட்கள்கூட அவரைத் தடுக்கவில்லை. அவர் பார்த்து முடித்து விலகிய பிறகு பெட்டி உள்ளே போனது.